ஓர் ஓடை தள்ளி வைத்த புள்ளி

முடிச்சக்காவுக்கு இடது கையில் நாலு விரல்தான். ஐந்தாவது எங்கே என்று யாராவது புதிதாக வந்தவர் கேட்டுத் தொலைத்தால், "உன்ன மாதிரி ஒருத்தன் வாயில விட்டுப் பார்த்தேன், கடிச்சிட்டான்" என்பாள். உண்மையில் பதினெட்டு வயதில் ஒரு சேற்று நண்டு அவள் சுண்டுவிரலைக் கொடுக்கில் வாங்கி நசுக்கிக் கூழாக்கிவிட்டது. மிச்சத்தை ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள். கட்டுப் போட்ட கையோடு மறுவாரமே அதே ஷெட்டில் வந்து உட்கார்ந்தாள். அந்த நண்டைத் தேடிக்கொண்டுதான் வந்தாள் என்று சொல்கிறவர்களும் உண்டு.

படகுத்துறையை ஒட்டிய தகர ஷெட்டில், உயிர் நண்டுக்குக் கயிறு கட்டுவது அவள் தொழில். கூடையிலிருந்து ஒன்றைத் தரையில் கவிழ்க்க வேண்டும், அது கொடுக்கைத் தூக்கி நிமிர்வதற்குள் குதிகாலால் அதன் முதுகு ஓட்டை மிதிக்க வேண்டும், இரண்டு கொடுக்கையும் உள்ளே மடக்கிக் கயிற்றைக் குறுக்கே இழுத்து முதுகில் முடிச்சுப் போட வேண்டும். எட்டு விநாடிக்கு ஒரு நண்டு. ஒரு நாளைக்கு நானூறு. கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு கூடையில் முப்பதைக் கட்டாமல் போட்டுவைத்தால், சாயங்காலம் கூடையைத் திறக்கும்போது பத்துதான் முழுசாக இருக்கும். மற்றதெல்லாம் கால் தனி, கண் தனி. அதிலும் பழைய ஓட்டைக் கழற்றி உடம்பு மெத்தென்றிருக்கும் நண்டு ஒன்று நடுவில் மாட்டிக்கொண்டால் அவ்வளவுதான், உயிரோடு இருக்கும்போதே மற்றவை சுற்றி நின்று தின்றுவிடும். "சொந்தக்காரங்க" என்பாள் முடிச்சக்கா.

முடிச்சுப் போடும் கை வீட்டிலும் சும்மா இருக்கவில்லை. கல்யாணமான இரண்டாம் வருடம் புருஷன் ஒரு நாள் குடித்துவிட்டு வந்து கை ஓங்கினான். ஓங்கிய கை இறங்குவதற்குள் அவன் தரையில் குப்புறக் கிடந்தான். முதுகில் ஒரு குதிகால் இருந்தது, இரண்டு கட்டைவிரலும் முதுகுக்குப் பின்னால் நைலான் கயிற்றில் சேர்ந்திருந்தன. விடியும்வரை அப்படியே போட்டுவைத்தாள். அடுத்த வாரம் அவன் ஊரை விட்டே போனான். போனவன் போனவன்தான், அவளும் தேடவில்லை.

இப்படிப்பட்டவள் நண்டை ரசிக்கத் தொடங்கினாள் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் நடந்தது.

ஒரு நாள் கூடையில் சேற்று நண்டுகளுக்கு அடியில் ஏதோ பஞ்சுக் குப்பை ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி நண்டு வந்தது. குப்பையைப் பிடுங்கித் தூர எறிந்தாள். அது குடுகுடுவென்று ஓடிப் போய் அந்தக் குப்பையை எடுத்து, பின்னங்காலால் தூக்கி மறுபடி தலையில் வைத்துக்கொண்டது. மறுபடி பிடுங்கினாள். மறுபடி போய்த் தொப்பியைப் போட்டுக்கொண்டது. முடிச்சக்கா சிரித்த சிரிப்பில் ஷெட்டில் எல்லாக் கையும் நின்றுபோனது. அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லையே!

ஐஸ் இறக்க வந்த வண்டி டிரைவர்தான் அவளுக்குப் போனில் ஓர் இணையத் தளத்தைக் காட்டினார். உலகம் முழுக்க ஆட்கள் தாங்கள் கண்ட பூச்சி, செடி, மீன் எல்லாவற்றையும் படம் எடுத்துப் போடுகிறார்கள். சம்பளம் கிடையாது, கட்டாயம் கிடையாது. எங்கே பார்த்தோம் என்று வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைக்க வேண்டும். தெரிந்தவர்கள் வந்து பெயர் சொல்வார்கள்.

"இதுல எனக்கு என்னண்ணே வேலை?"

"ஒரு நாளைக்கு நானூறு நண்ட மிதிக்கிறீங்க. ஒண்ணோட பேராச்சும் தெரிஞ்சுக்கலாமேன்னு சொன்னேன்."

டிரைவர் விளையாட்டாகச் சொன்னது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. தொப்பி நண்டின் படத்தைப் போட்டாள்.

பெயர் சொல்ல வந்தவர் எங்கோ ஒரு குளிர் நாட்டில் இருக்கிறவர். படத்தில் ஆளைக் காணோம், கம்பளிக் குல்லா மட்டும் தெரிந்தது. அதனால் அவர் குல்லாக்காரர். அவர் தன் பாஷையில் எழுதுவதை போன் தமிழாக்கிக் கொடுத்தது. வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கும். "மதிப்புமிக்க அம்மையாரே, தங்கள் நண்டு கூடையில் பிறந்ததா? அது வாழ்ந்த இடத்தை நேர்மையாகத் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளீர்கள்." முடிச்சக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "யாருடா இவன், என்னையே நேர்மையப் பத்திக் கேக்கறான்?" என்று போனைத் திட்டினாள். ஆனால் மறுநாளே, ஷெட் திறக்கும் முன், நீர் வற்றிய சேற்றில் முழங்கால் புதைய நடந்துகொண்டிருந்தாள்.

மூன்று வருடத்தில் அறுபது வகை பிடித்துவிட்டாள், கையால் அல்ல, படமாக. சிப்பிக்குள் குடியிருக்கும் பட்டாணி அளவு நண்டு. ஒரே ஒரு பெரிய கொடுக்கை ஆட்டி ஆட்டிச் சண்டைக்குக் கூப்பிடும் நண்டு. இரண்டு கொடுக்கிலும் பூமாதிரி ஏதோ உயிரைப் பிடித்துக்கொண்டு குத்துச்சண்டைக்காரன்போல நிற்கும் நண்டு. வருடத்தில் ஒரு வாரம் தளத்தில் நண்டு வாரம். அந்த வாரம் உலகமே நண்டைத்தான் போடும். பனிக்கரையில் ஒருவர், பாலைவன ஓடையில் ஒருவர், தென்னை மரத்தில் ஏறுவதை ஒருவர் போடுவார். முடிச்சக்கா சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்தபடி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பாள். "அடேங்கப்பா, இது என்ன அழகுடி!" என்று சத்தமாகச் சொல்வாள். அந்த ஒரு வாரம் ஷெட்டில் யாரும் அவளிடம் திட்டு வாங்கியதில்லை.

அவளுக்கு ஒரு தம்பி உண்டு. தண்ணீருக்குள் கூண்டு போட்டு நண்டு பிடிக்கிறவன். கூண்டு போடுகிறவர்கள் எதை வேண்டுமானாலும் சொல்வார்கள், இடத்தை மட்டும் சொல்ல மாட்டார்கள். கட்டிய பெண்டாட்டிக்கும் தெரியாது. இவர்கள் அப்பா சாகும்போது மூத்தவளை வெளியே அனுப்பிவிட்டு, தம்பியின் காதில்தான் தான் கூண்டு போடும் இடத்தைச் சொன்னார். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு அது?" என்றாராம். முடிச்சக்காவுக்கு அந்த வயிற்றெரிச்சல் இருபது வருடமாக உண்டு. தம்பி மேல் அல்ல, செத்தவர் மேல்.

அந்த வருடம் நண்டு வாரத்துக்கு இரண்டு நாள் முன்னால், நண்டு குத்திய காயம் சீழ் பிடித்து, தம்பியின் இடது கை பந்து மாதிரி வீங்கிவிட்டது. கூண்டு இழுக்க ஆள் வேண்டும். வெளி ஆளைக் கூட்டிப்போக முடியாது.

அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றான். "வா, படகுல ஏறு. பார்த்தத வாயத் தொறந்து சொன்னே, அக்கான்னு பார்க்க மாட்டேன், வெட்டிப் போட்டுடுவேன்."

"சத்தியமா என் வாயால சொல்ல மாட்டேன்டா."

கழிமுகத்துக்கு வடக்கே, உடைந்த படகு ஒன்று கிடக்கும் இடத்துக்குப் பின்னால், மூன்றாவது வாய்க்கால். மரங்கள் மூடியிருக்கும், படகில் படுத்துக்கொண்டுதான் நுழைய வேண்டும். உள்ளே போனால் குளம் மாதிரி விரிந்த தண்ணீர். முதல் கூண்டை இழுத்தபோது ஒன்பது நண்டு. ஒவ்வொன்றும் அவள் இரண்டு கையும் சேர்ந்த அகலம். அப்பா இதைத்தான் அவளிடமிருந்து மறைத்தார். தம்பி ஒற்றைக் கையால் துடுப்பைப் பிடித்து நிறுத்த, அவள் இழுத்தாள், மிதித்தாள், கட்டினாள்.

நாலாவது கூண்டின் மிதவையில்தான் அது உட்கார்ந்திருந்தது. கட்டைவிரல் நகம் அளவு உடம்பு, கரிக்கறுப்பு, கொடுக்கு மட்டும் ரத்தச் சிவப்பு. மூன்று வருடத்தில் அவள் பார்க்காதது. தம்பி அடுத்த கயிற்றைத் தேடித் திரும்பிய நேரத்தில் நாலு படம் எடுத்துவிட்டாள்.

படத்தைப் போடாமல் இருந்திருக்கலாம். அதுதான் நியாயம். ஆனால் நண்டு வாரம், அறுபத்தொன்றாவது வகை, அதுவும் இப்படி ஒரு அழகு. கை அரித்தது. போன் தானாகவே சரியான இடத்தில் சிவப்புப் புள்ளியை வைத்திருந்தது. அவள் அதை விரலால் நகர்த்தினாள். வளைந்த ஓடை என்று ஒன்று பக்கத்தில்தான் இருக்கிறது, அங்கே வைத்தாள். ஓர் ஓடை தள்ளி வைத்தால் நண்டுக்கு என்ன குறைந்துவிடப் போகிறது? தம்பிக்கும் நல்லது, தளத்துக்கும் நல்லது. வாயால் எதுவும் சொல்லவில்லை, சத்தியமும் பிழைத்தது. நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் குல்லாக்காரர் துள்ளிக் குதித்திருந்தார். இந்தக் கரையில் இதுவரை யாரும் பதியாத வகை என்று எழுதினார். முப்பது நாட்டு ஆட்கள் வாழ்த்துச் சொன்னார்கள். ஐஸ் வண்டி டிரைவருக்குத் தலைகால் புரியவில்லை. துறையில் கண்டவரிடமெல்லாம் போனை நீட்டினார். "நம்ம அக்கா போட்ட நண்டுய்யா! உலகமே பார்க்குது!"

கரடியிடமும் நீட்டினார்.

கரடி என்பது கூண்டு போடும் இன்னொருவன். உடம்பெல்லாம் மயிர், அதனால் அந்தப் பெயர். அந்த மாதம் அவனுடைய பதினோரு கூண்டுகள் கயிறோடு காணாமல் போயிருந்தன. யார் எடுத்தது என்று தெரியாமல் வெறிபிடித்துத் திரிந்தான். படத்தில் அவன் நண்டைப் பார்க்கவில்லை. நண்டு உட்கார்ந்திருந்த மிதவையைப் பார்த்தான். பாதி நீலம், பாதி மஞ்சள். துறையில் ஒவ்வொருவனும் தன் மிதவைக்குத் தனி வண்ணம் அடித்திருப்பான், நீலமும் மஞ்சளும் முடிச்சக்காவின் தம்பியுடையது. பிறகு வரைபடத்தைப் பார்த்தான். புள்ளி வளைந்த ஓடையில் இருந்தது.

வளைந்த ஓடையில்தான் கரடி யாருக்கும் தெரியாமல் கூண்டு போட்டுக்கொண்டிருந்தான்.

மத்தியானம், ஏலம் முடியும் நேரம். முடிச்சக்கா ஷெட்டுக்குள் நண்டை மிதித்துக்கொண்டிருந்தாள். வெளியே ஏதோ உடைகிற சத்தம், பிறகு கரடியின் கத்தல். ஓடிப் போய்ப் பார்த்தால், கரடி அவன் தலைமயிரைப் பிடித்து ஐஸ் பெட்டியில் மோதிக்கொண்டிருந்தான். ஒரு மோது, இரண்டு மோது. மூக்கிலிருந்து ரத்தம் கொட்டி ஐஸ் சிவந்திருந்தது. துறையே சுற்றி நின்று பார்த்தது. ஒருவனும் குறுக்கே போகவில்லை. கூண்டு திருடினவன் அடி வாங்கினால் யாரும் தடுக்க மாட்டார்கள், அது அங்கே எழுதாத சட்டம்.

"திருட்டு நாயே! என் ஓடைக்குள்ள உன் மிதவைக்கு என்னடா வேலை? என் பதினோரு கூண்டு எங்கடா?"

முடிச்சக்காவுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிய அந்த நொடியிலேயே கால் பாய்ந்துவிட்டது. கரடியின் முழங்காலுக்குப் பின்னால் ஓர் உதை. விழுந்தவன் முதுகில் குதிகாலை ஊன்றி இரண்டு கையையும் முறுக்கிப் பின்னால் இழுத்தாள். வலது கை திமிறியது, கடித்தாள். இடுப்பில் எப்போதும் தொங்கும் கயிறு ஒரே சுற்றில் இரண்டு கட்டைவிரலையும் சேர்த்துக் கட்டியது. எட்டு விநாடிதான். கரடி சேற்றில் முகம் புதைந்து கத்தினான்.

ஆனால் கரடிக்கு ஓர் அண்ணன் இருந்தான். கூடவே இரண்டு மச்சான்கள். மச்சான்கள் தம்பியை அமுக்கிப் பிடித்து, அவன் வலது கையை இழுத்து ஏலக் கட்டையின் மேல் வைத்தார்கள். அண்ணன் கையில் ஐஸ் உடைக்கிற இரும்புத் தடி இருந்தது. "உங்க ஓடைப் பக்கமே நான் வரலடா" என்றான் தம்பி.

"எங்க ஓடையில எடுத்த படம் இல்லன்னா, வேற எங்க எடுத்தது? சொல்லு. சொல்லிட்டா விட்டுடறேன்."

தம்பி வாயைத் திறக்கவில்லை.

"அது நான் வச்ச புள்ளி!" முடிச்சக்கா அலறினாள். "நான்தான் தப்பா வச்சேன், அவன் உங்க ஓடைப் பக்கமே வரல! என்னை அடிங்கடா!"

"அப்ப சரியான இடம் எது? நீயே சொல்லு."

அவளும் வாயை மூடினாள். தம்பி கட்டையில் கிடந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

தடி இறங்கியது. மணிக்கட்டு உடைந்த சத்தம் ஷெட்டுக்குள் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்டது. நண்டாக இருந்தால் அந்தக் கையை உதறிவிட்டுத் தண்ணீருக்குள் ஓடியிருக்கும். தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். தடி மறுபடி உயர்ந்தது. இந்த முறை முழங்கைக்கு.

"வடக்க! உடைஞ்ச படகுக்குப் பின்னால!" அவளுக்குத் தன் குரலே அடையாளம் தெரியவில்லை. "மூணாவது வாய்க்கால்! மரம் மூடியிருக்கும், படுத்துக்கிட்டுப் போகணும், உள்ள குளம் மாதிரி இருக்கும். போய்ப் பாருங்கடா, அவன் கூண்டு அங்கதான் கிடக்கு. போய்ப் பாருங்க!"

தடி இறங்கவில்லை. சுற்றி நின்ற நாற்பது முகங்களையும் முடிச்சக்கா பார்த்தாள். ஒருவன் உதட்டை அசைத்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். பின்னால் எங்கோ ஒரு மோட்டார் உறுமியது. இன்னொன்று உறுமியது. அதற்கப்புறம் கூட்டமே கலைந்து, ஒருவரை ஒருவர் தள்ளி மிதித்துக்கொண்டு படகுகளுக்கு ஓடியது. கரடியின் அண்ணன் தடியைப் போட்டுவிட்டு ஓடினான். மச்சான்களும் ஓடினார்கள்.

சேற்றிலிருந்து கரடி தலையைத் தூக்கினான். "அக்கா, கொஞ்சம் அவுத்து விடுக்கா. நானும் போகணும்."

அவள் அவனை மிதித்தாள். எத்தனை முறை என்று அவளுக்கே தெரியாது. ஐஸ் வண்டி டிரைவர் வந்து இடுப்பைப் பிடித்து இழுத்தபோதுதான் நிறுத்தினாள். கரடி கட்டின விரலோடே எழுந்து ஓடி, நகர்ந்துகொண்டிருந்த படகில் குதித்து விழுந்தான்.

தம்பி ஏலக் கட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கை தொங்கியது. அவள் பக்கத்தில் போனாள்.

"அடிதானே வாங்கிட்டிருந்தேன்" என்றான். "செத்தா போயிட்டேன்?"

அதற்கப்புறம் ஏழு மாதம் அவன் அவளிடம் பேசவில்லை.

பத்து நாளில் அந்த இடம் முடிந்துபோனது. முட்டை சுமந்த நண்டைக்கூட விடாமல் வாரினார்கள். நுழைய வழிவிடவில்லை என்று வாய்க்காலிலேயே ஒருவன் இன்னொருவன் தொடையில் கொக்கியை ஏற்றினான். மரங்களை வெட்டி வழியை அகலமாக்கினார்கள். முடிச்சக்கா மூன்று முறை போய்ப் பார்த்தாள். அறுந்த கயிறும் டீசல் படலமும் இருந்தன, சிவப்புக் கொடுக்கு எங்கும் இல்லை. இரண்டு மாதம் கழித்து, மணல் அள்ளும் படகு ஒன்று நங்கூரத்தைத் தூக்கியபோது, கரடியின் பதினோரு கூண்டும் அதில் சிக்கிச் சிக்கலாக மேலே வந்தன. கரடி வந்து எடுத்துக்கொண்டு போனான். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தளத்தில் அவள் புள்ளியைச் சரியான இடத்துக்கு நகர்த்தினாள். "வேண்டுமென்றே தப்பாக வைத்தேன். என் தம்பியின் கை போய்விட்டது" என்று கீழே எழுதினாள். குல்லாக்காரரின் பதில் வர இரண்டு நாள் ஆனது. "அம்மையாரே, இடத்தை மறைத்துவைக்க ஒரு பொத்தான் உள்ளது. அதைத் தங்களிடம் சொல்லாதது என் குற்றம். மிகவும் வருந்துகிறேன்." அவள் போனைத் திறந்து தேடிப் பார்த்தாள். புள்ளிக்கு நேர் கீழே இருந்தது. மூன்று வருடமாக அங்கேதான் இருந்திருக்கிறது. போனைச் சுவரில் அடித்தாள். கண்ணாடி மட்டும்தான் உடைந்தது.

தம்பியின் மணிக்கட்டு கோணலாகக் கூடியது. கூண்டு இழுக்க வலு இல்லை. அவனும் ஷெட்டுக்கே வந்தான், நண்டு கட்ட. அவளைத் தாண்டி நாலு ஆள் தள்ளி உட்கார்ந்தான். பழகாத கை. ஒரு நாள் பெரிய நண்டு ஒன்று அவன் ஆள்காட்டி விரலை வாங்கிவிட்டது. அவன் சத்தம் போடவில்லை, அவனுக்குத்தான் சத்தம் போடத் தெரியாதே. நாலு ஆளையும் தாண்டி வந்து முடிச்சக்கா சுத்தியலால் அந்தக் கொடுக்கை ஒரே அடியில் உடைத்தாள். விரல் பிழைத்தது. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஷெட் திறக்கும் முன், அவள் கூடைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். கால் முழங்கால்வரை சேறு. கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா மூடி, அதில் கொஞ்சம் தண்ணீர், தண்ணீருக்குள் கட்டைவிரல் நகம் அளவு கறுப்பு. கொடுக்கு ரத்தச் சிவப்பு.

"எங்கேன்னு கேக்காத" என்றான்.

"கேட்டா வாயிலயே போடு."

அவள் இடுப்பிலிருந்து உடைந்த கண்ணாடிப் போனை எடுத்தாள். தம்பியின் முகம் இறுகியது. அவள் போனை அணைத்து, அவன் கோணல் கையிலேயே கொடுத்துவிட்டு, மூடியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். நாலு விரல் கையை உள்ளே விட்டாள். அது கொடுக்கைத் தூக்கிச் சண்டைக்கு வந்து, அவள் விரலைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. வலிக்கவே இல்லை. மூன்று பேர் சேர்ந்து அடித்தாலும் அழாதவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

"போதும், குடு" என்றான் தம்பி. "நீர் ஏறறதுக்குள்ள எடுத்த இடத்துல விடணும்."

மூடியை வாங்கிக்கொண்டு போனான். எந்தப் பக்கம் போகிறான் என்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக, அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து கயிறு வெட்டத் தொடங்கினாள்.